பெண்கள் கேணிக்கு வெளியே

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவே கூடாது. அதுவும் ஒன்பது வயது மகளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு. அவள் அம்மா இறந்து இரண்டு வருடம். அதன்பிறகு நாங்கள் எங்கேயும் போனதில்லை. பள்ளியில் எல்லாரும் எங்கெங்கோ போய்வருகிறார்கள் என்று அவள் நச்சரித்ததால், சென்னையில் விமானம் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கினோம்.

காலையில் குருநகருக்குப் படகு பார்க்கப் போனோம். மீன் விற்கும் கூட்டத்தில் நான் பிடித்த பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்துவிட்டது. "கைய விடுப்பா, வலிக்குது" என்றாள். விட்டேன். நாலடி நடந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா சிரித்தார். "பிள்ளை எங்கையும் ஓடமாட்டா, விடுங்கோ." அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

பிறகு ஆட்டோ பிடித்துக் கீரிமலை. கடலை ஒட்டியே நன்னீர் ஊற்று. சுவருக்கு அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் படி இறங்கும் கேணி. கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தவள் குளித்தே ஆகவேண்டும் என்று நின்றாள். பெண்கள் கேணி தனியாக, மதிலுக்குள் இருந்தது. வீட்டில் அவளைக் குளிப்பாட்டுவது, துவட்டுவது, உடுத்திவிடுவது எல்லாம் நான்தான். இங்கே நான் வாசலோடு சரி. அவளுக்கு நீச்சல் வேறு தெரியாது.

வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள், துண்டும் கையுமாக வந்த ஓர் இளம்பெண் நின்றார். "என்னோடை விடுங்கோ அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன், பயப்பிடாதேங்கோ." மகள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை "அப்பா"ன்னு சத்தம் போடணும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, துண்டும் மாற்றுத் துணியும் இருந்த பையோடு போனாள்.

முதல் சத்தம் வந்தது. இரண்டாவதும் வந்தது, சிரிப்போடு. மூன்றாவது வரவில்லை. விளையாட்டில் மறந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போது அந்த இளம்பெண் தலையைத் துவட்டியபடி வெளியே வந்தார். தனியாக.

"பாப்பா எங்கேம்மா?"

அவர் முகம் மாறிவிட்டது. "அவா அப்பவே ஏறி உடுப்பு மாத்தப் போனவா. உங்களிட்டை வந்திட்டா எண்டு நினைச்சன், வரேல்லையோ?"

மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது, அவ்வளவுதான். வாசல் பக்கமாக வந்த ஒரு வயதான அம்மா திரும்பி எட்டிப் பார்த்தார். "கேணிக்கை சின்னப்பிள்ளை ஒருத்தரும் இல்லையே தம்பி."

நான் கடல் பக்கம் ஓடினேன். கல்லில் அலை மோதிக்கொண்டிருந்தது. ஆண்கள் கேணியில் இருந்தவர்களிடம் கேட்டேன், கையை விரித்தார்கள். அவளைக் காலையில் பிடித்த மாதிரி இப்போதும் பிடித்திருக்கக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். ஒருவேளை ஏறியவள் மறுபடி இறங்கி வழுக்கிவிட்டாளோ? தண்ணீருக்கு அடியில் கிடந்தால் எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியுமா?

அதற்குமேல் யோசிக்கவில்லை. வாசலுக்குள் நுழைந்துவிட்டேன்.

"அண்ணை, நில்லுங்கோ! பொம்பிளையள் குளிக்கினம்!"

கேணியில் இருந்தவர்கள் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்தார்கள். ஒருவர் என்னைக் கண்டபடி ஏசினார். நான் தண்ணீரின் அடியைத்தான் தேடினேன். பிறகுதான் உடை மாற்றும் மறைப்பின் ஓரத்தில் இரண்டு சிறிய பாதங்கள் தெரிந்தன. கிட்டே போனேன். மகள் சுவரோடு முதுகை ஒட்டி, துண்டைத் தாடைவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். அந்த இளம்பெண் பின்னாலேயே ஓடிவந்து அவளை மறைத்து நின்றுகொண்டு, "நீங்கள் வெளியிலை போங்கோ" என்றார். போனேன். வெளியே எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் எனக்கும் தனக்கும் நடுவே ஈரத் துணிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயம் தெளிந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"அப்பா கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் பதில் சொல்லல? செத்துட்டேன்டி நான்."

அவள் வெளியே பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜிப் மாட்டிக்கிச்சு. ஏறவே இல்ல. பதில் சொன்னா, போட்டுவிட நீ உள்ள வந்துடுவியோன்னு பயமா இருந்துச்சுப்பா."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அவள் தோளில் போர்த்தியிருந்த துண்டு நழுவியது. முதுகில் ஜிப் பாதி வழியில்தான் நின்றிருந்தது. நான் என் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.