விளக்கு வைத்த பிறகு மாவு விற்றவள்

இட்லி மாவுத் தொழிலில் கிரைண்டர் சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், யோசனை சொல்ல வருகிறவர்களைத்தான் தாங்க முடியாது. வீட்டிலேயே தொழில் நடத்தும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கும் பட்டுத் தெரிந்திருக்கும்.

உலக அளவு

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போனேன். உங்கள் வாடிக்கையாளர் யார் என்று கேட்டார் வகுப்பெடுத்தவர். விளாங்குடியில் வேலை முடிந்து பஸ் இறங்கும் பெண்கள், அதிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கூட்டம் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"பெருசா யோசிங்கம்மா. சிங்கப்பூர்ல இட்லி திங்கலயா?"

கேட்டில் ஒரு சட்டம்

திண்டுக்கல் ரோட்டைத் தாண்டுவதற்குள் பொங்கிவிடும் மாவை சிங்கப்பூருக்கு அனுப்புவது இருக்கட்டும், வாடகை வீட்டு கேட்டைத் தாண்டுவதே பெரும்பாடாகிவிட்டது. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா முதல் வெள்ளியே வந்து மறித்தார். செவ்வாய், வெள்ளி விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், மாவு எதுவும் வீட்டை விட்டுப் போகக் கூடாதாம். கூடவே மகாலட்சுமியும் போய்விடுவாளாம். வாங்க வந்தவர்கள் வெறும் தூக்குவாளியோடு திரும்பினார்கள். வெள்ளி வியாபாரம் போனால் கிரைண்டரைத் துடைத்து மூலையில் வைக்க வேண்டியதுதான் என்று அவரிடமே சொன்னேன்.

"பகல் அம்புட்டும் சும்மாதான கெடக்கு, அப்ப விக்க வேண்டியதுதான?"

எழுமலை யோசனை

எழுமலை ஊரிலிருந்து வந்த நாத்தனார் வீட்டுக்காரர், தட்டில் இட்லி தீரத் தீர வாங்கிக்கொண்டே என் கஷ்டத்தைக் கேட்டார்.

"அந்தம்மாவ விளக்க எட்டு மணிக்கு ஏத்தச் சொல்லு தங்கச்சி, சோலி முடிஞ்சுது."

இஸ்திரி வண்டி

இவர்களை நம்பினால் ஆகாதென்று, எதிரே இஸ்திரி போடும் அண்ணனிடம் போனேன். விளக்கு வைப்பதற்கு முன்பே மாவை ஐஸ் பெட்டியோடு உங்கள் வண்டியோரம் கொண்டுவந்துவிடுகிறேன், அங்கேயே விற்றுக்கொள்கிறேன் என்றேன்.

"வச்சுக்கம்மா. தேய்ப்புப் பெட்டிப் பக்கம் மட்டும் வேணாம், மாவு வாங்க வந்தவுக இட்லி வாங்கிட்டுப் போயிருவாக."

கேட்டுக்கு உள்ளே ஒரு கை

மறு வெள்ளி வண்டியோரம் நல்ல கூட்டம். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மாவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். கேட்டுக்கு உள்ளே நின்றபடியே ஒரு பெரிய குண்டானை வெளியே நீட்டினார் அம்மா. "விளக்கு வச்சாச்சேம்மா?" என்று பச்சைப்பிள்ளை மாதிரிக் கேட்டேன். அசரவே இல்லை.

"வெளிய போனாத்தான் தோசம், உள்ள வந்தா லட்சுமிதான. நல்லா தலைதட்ட ஊத்து."

இந்த ஊரில் சாஸ்திரம் பேசாத ஆள் கிடையாது, அத்தனை பேருக்கும் ராத்திரி பசிக்கிறது என்பதுதான் என் முதலீடு.