காற்றில் முக்கால்வாசி

சேம்பர் கதவைத் திறந்ததும் அக்கா முதலில் செய்வது தலையை உள்ளே விடுவதுதான். ஆள் உயரத்துக்கும் மேலான வட்ட இரும்புக் கதவு அது. இரண்டு பேர் சேர்ந்து கைப்பிடியைத் திருகித் திறப்பார்கள். திறந்த மறு நிமிடமே அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்று படி வைத்த இரும்பு ஏணியில் ஏறி, தட்டு அடுக்குகளுக்கு நடுவே இடுப்புவரை உடம்பை நுழைத்து, கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுப்பாள். வெளியே வந்து, "ஆச்சு" என்பாள். இல்லாவிட்டால், "இன்னும் ஈரம் கீது, மூடு" என்பாள். அந்தப் பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஒன்றரை நாள் கிடந்த மாம்பழத் துண்டுகளின் தலையெழுத்து அந்த ஒரு மூச்சில் முடிவாகும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில் இருந்த சின்னத் தொழிற்சாலை அது. மாம்பழம், வாழைப்பழம், சப்போட்டா எல்லாவற்றையும் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, அலுமினியத் தட்டில் பரப்பி, கல்லாக உறைய வைப்போம். பிறகு சேம்பருக்குள் அடுக்கி, உள்ளே இருக்கிற காற்றை மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டு, மெதுவாகச் சூடு கொடுத்தால், பழத்துக்குள் இருக்கும் ஐஸ் தண்ணீராக உருகாமலே ஆவியாகிப் போய்விடும். துண்டு வாடாது, சுருங்காது. நிறம் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால் கனமே தெரியாது. "காஞ்ச மாம்பழத்த இவ்ளோ தூரத்துலேர்ந்து வாங்குறானே, அவங்க ஊர்ல ஒரு மாமரம்கூடவா இல்ல, பாவம்" என்று அக்கா வெளிநாட்டுக்காரர்களுக்காக உண்மையாகவே வருத்தப்படுவாள்.

நான் அங்கே லேப். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு வேங்கிக்காலிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்த முதல் வேலை. ஒரு சின்ன அடுப்பு, ஒரு தராசு, ஒரு வெள்ளைக் கோட்டு, இவ்வளவுதான் லேப். ஆனால் கோட்டைப் போட்டதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. துண்டுகளை நிறுத்து, அடுப்பில் வைத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி நிறுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்று சொல்ல முடியும். அக்காவோ மூக்கால் சொல்கிறாள்! ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டு மாதம் அவளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு லோடையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒருமுறைகூட அவள் தப்பாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் சோம்பேறியானேன். அக்கா "ஆச்சு" என்றதும் பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்லிவிடுவேன். அடுப்பு சொல்வது பின்னால் வந்து சேரும். "என்னா பாப்பா, உன் அடுப்பு இன்னும் யோசிக்குதா?" என்று போகிறபோக்கில் சீண்டுவாள்.

அவளுக்கு ஊர் அடி அண்ணாமலை. இங்கே வருவதற்கு முன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்தவள். வீட்டுக்காரரும், பள்ளிக்கூடம் போகிற ஒரே பெண்ணும். எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மறைக்கவே மாட்டாள். ரேஷன் கார்டு ஃபாரம், மகளின் மார்க் ஷீட், தர்மாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை என எல்லாம் என் மேஜைக்கு வரும். மாத்திரையைப் பிரித்து, "இத சாப்ட்டுட்டு தின்றதா, சாப்புடாமயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவாள். தெரியாததைக் கேட்காமல் செய்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

வெளிநாட்டு வியாபாரி ஒருவர், சரக்கு நமத்துப்போய் வந்தது என்று புகார் எழுதினார். கதவைத் திறந்ததும் உள்ளே பாய்கிற காற்றிலுள்ள ஈரத்தைக் காய்ந்த பழம் குடித்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இனிமேல் திறப்பதற்கு முன் சேம்பருக்குள் நைட்ரஜனை நிரப்புவது என்று முடிவானது. புதிதாகச் சிலிண்டர்கள் வந்தன. அவற்றைப் பொருத்த வந்த இன்ஜினீயர் ஆபீஸ் அறையில் எங்களை உட்கார வைத்து ஆங்கிலத்தில் விளக்கினார். கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு, பத்து நிமிஷம் கழித்துத்தான் கிட்டே போக வேண்டும் என்றார். அதைப் பழத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்காவை அந்த அறைக்குக் கூப்பிடவே இல்லை. மறுநாள் கதவுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு போர்டு மாட்டினார்கள்.

நைட்ரஜன் போட்டு எடுத்த முதல் லோடு பௌர்ணமியன்று வந்தது. மத்தியானத்துக்குமேல் கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் ரோட்டை மறித்துவிடுவார்கள். அதற்குள் லாரி ஊரைத் தாண்டியாக வேண்டும். காலையிலிருந்தே மேனேஜர் என் தலைமேல் நின்றார். மத்தியானம் நெருங்கும்போது கதவைத் திறந்தார்கள். ஃபேனுக்கும் பத்து நிமிஷத்துக்கும் யாரும் காத்திருக்கவில்லை. நான்தான், "அக்கா, சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க, லாரி நிக்குது" என்றேன்.

அக்கா முந்தானையைச் செருகினாள். ஏணியில் ஒரு கால் வைத்தவள் நின்று, சிலிண்டர்களைக் கண்ணால் காட்டிக் கேட்டாள்.

"ஏம் பாப்பா, இந்தப் புது கேஸு ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா. நாம மூச்சு விடுற காத்துல முக்கால்வாசி அதுதான்."

பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும் உண்மை. மிச்சம் கால்வாசியில்தான் உயிர் இருக்கிறது என்பதும், அந்தச் சேம்பருக்குள் அந்தக் கால்வாசி துளியும் இல்லை என்பதும் எனக்கும் தெரிந்த விஷயம்தான். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதி மார்க் வாங்கியிருப்பேன். ஏணியில் காலை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை கேட்டபோது எனக்கு அது தோன்றவில்லை.

"அப்போ சரி" என்று ஏறி, உடம்பை நுழைத்து, வழக்கம்போல ஆழமாக மூச்சை இழுத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்று என்ன இவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எரிச்சலாகக்கூட இருந்தது. அவளுடைய ஒரு கால் ஏணியிலிருந்து நழுவித் தொங்கியபோதுதான் கத்தினேன். கதவைத் திறந்த இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். தட்டு அடுக்குக்குள் தோள் மாட்டிக்கொண்டு சட்டென்று வரவில்லை. கம்பெனி வேனில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. அதற்குள் சேர ஆரம்பித்திருந்த கிரிவலக் கூட்டத்துக்குள் வேன் ஊர்ந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்களை வெளியே நிற்கச் சொன்னார்.

அக்காவின் சாவுக்கு விசாரணை நடந்தது. எச்சரிக்கைப் பலகை இருந்தும் தொழிலாளி அதை மீறித் தன்னிச்சையாகத் தலையை உள்ளே விட்டார் என்று எழுதினார்கள். நேரில் பார்த்தவள் என்று என்னிடம் நீட்டினார்கள். தன்னிச்சையாக என்ற வார்த்தையை இரண்டு தடவை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். பயம்தான், வேறு என்ன? போலீஸ், வேலை, கல்யாணப் பேச்சு என்று அன்றைக்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். இன்று அதில் ஒன்றுகூட வாயில் வருவதில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டேன். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில், கேட்டால் சிரிப்பீர்கள், கெமிஸ்ட்ரி டீச்சரானேன்.

பத்து வருஷம் கழித்து அக்காவின் மகள் கல்யாணப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் அதே அகன்ற நெற்றி. "அம்மா உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க, அதான் மொத பத்திரிகையில ஒண்ணு உங்களுக்கு" என்றாள். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "போர்டு இருந்திச்சாமே. படிக்கத் தெரியலன்னாலும் பக்கத்துல யாரையாவது கேட்டிருக்கலாம்ல? எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத்தான செய்வாங்க. அன்னிக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"கேட்டாங்கம்மா" என்றேன். "என்னைத்தான் கேட்டாங்க."

நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன்.  தாம்பாளத்தில் வைத்த பத்திரிகையைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டியபடி, "கல்யாணத்துக்கு நீங்க வர வேணாம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து இத எங்கப்பா கிட்ட சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனேன். அடி அண்ணாமலையில் அந்த வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. அவள் அப்பா எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். என் மேல் பாய்வார், வெளியே போ என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். முழுதும் கேட்டார். 

"அவ கேட்டாளா?"

"கேட்டாங்க."

"கேட்டுட்டுத்தான் ஏறுனாளா?"

"ஆமாங்க."

"தெனம் வெளக்கேத்துறப்ப அவ போட்டோவப் பாத்து திட்டுவேம்மா. ஒரு வார்த்த யாரையாச்சும் கேட்டிருக்கக் கூடாதா, புத்தி கெட்டவளே, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியேன்னு. ஒரு நாள் தவறுனதில்ல. பத்து வருசமா."

எழுந்து உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். நான் கிளம்பி வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.