நான் 'சரி' செய்த இருநூறு கேசட்டுகள்

தொண்ணூற்று ஏழாம் வருடம், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ராயப்பேட்டையில் ஒரு மாடியில், கேசட் நகல் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி என்று ஓனர் சொல்லிக்கொள்வார். இருந்தது என்னவோ இரண்டு அறை, ஒரு மெஷின், ஓனரையும் சேர்த்து மூன்று பேர். யாராவது தங்கள் பாட்டைப் பதிவு செய்த கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், அதிலிருந்து நூறோ இருநூறோ நகல் எடுத்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் போட்டுக் கொடுப்போம். வருவதில் முக்கால்வாசி பக்திப் பாட்டு. ஆடி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், காலையிலிருந்து சாயங்காலம் வரை அம்மன் பாட்டுதான்.

என் வேலை காதால் செய்கிற வேலை. வந்த கேசட்டை ஒரு டெக்கில் ஓடவிட்டு, எங்கள் மாஸ்டர் டேப்பில் பதிந்துகொள்ள வேண்டும். அந்த மாஸ்டரிலிருந்து மெஷின் பல மடங்கு வேகத்தில், ஒரே நேரத்தில் பத்துப் பத்தாக நகல் எடுக்கும். வருகிற கேசட்டுகளில் பல, வீட்டிலிருக்கும் பழைய டேப் ரிக்கார்டரில் பதிந்தவை. வேகம் முன்பின்னாக இருக்கும். பாடுகிறவர் குரல் தூக்கத்தில் பேசுவது போல இழுத்துக்கொண்டு வரும். டெக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் துளித் துளியாகத் திருப்பி, குரல் சரியான இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவேன். பாட்டு கற்றுக்கொண்டவள் இல்லை நான். ஆனாலும் அது எனக்குப் பிடிபட்டிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் ஓனர், இந்தப் பெண்ணின் காது தங்கம் என்று பெருமையடிப்பார். அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை நான்கு இளைஞர்கள் வந்தார்கள். நாலு பேரும் கறுப்புச் சட்டை, இரண்டு பேருக்குத் தோள்வரை முடி. சாந்தோம், ராஜா அண்ணாமலைபுரம் பக்கத்துப் பிள்ளைகள். சொந்தமாக ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்களாம், இதுதான் முதல் ஆல்பமாம். சனிக்கிழமை நாலு மணிக்கு சாந்தோமில் ஒரு ஹாலில் வெளியிடுகிறார்கள், அதற்குள் இருநூறு கேசட் வேண்டும் என்று கேட்டார்கள். என்ன மாதிரிப் பாட்டு என்று ஓனர் விசாரித்ததற்கு, மெலடிக் டெத் மெட்டல் என்றார்கள். அவர் ஆர்டர் புத்தகத்தில் 'இங்கிலீஷ்' என்று மட்டும் எழுதிக்கொண்டார். சாவும் மெலடியும் ஒரே பெயரில் எப்படி வந்தன என்று எனக்குக் குறுகுறுவென்றிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது ஒல்லியாக இருந்த ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். டேப்பில் எதையும் மாற்ற வேண்டாம், இருப்பதை இருப்பதுபோலவே போடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். அப்புறம் நகலைக் கேட்டுவிட்டு, எங்கள் டேப்பைவிட நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவார்கள். அதனால் நான் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டேப்பை ஓடவிட்டேன். அடுத்த நொடி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பானைக்குள் தலையை விட்டு யாரோ உறுமுவது போல ஒரு குரல். பின்னால் கிட்டார் கரகரவென்று அறுக்கிறது. டிரம்ஸ் மட்டும் தலைதெறிக்க ஓடுகிறது. இவ்வளவு ஆழமான குரல் மனிதத் தொண்டையிலிருந்து வராது, டேப் மெதுவாக ஓடுகிறது என்று தீர்மானித்துவிட்டேன். டேப் மெதுவாக ஓடினால் டிரம்ஸ் எப்படி அத்தனை வேகமாக ஓடும் என்று ஒரு கேள்வி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள், வாசித்ததே அதைவிட வேகமாக இருக்கும் என்று நானே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன். எனக்கும் அவர்களுக்கும் அதிகம் போனால் இரண்டு வயது வித்தியாசம் இருந்திருக்கும்.

திருகைத் திருப்பினேன். போதவில்லை. அது எதுவரை போகுமோ அதுவரை திருப்பினேன். குரல் கொஞ்சம் மேலே ஏறி, ஜலதோஷம் பிடித்த ஆள் கோபமாகப் பேசுவது போல ஆயிற்று. சரி, ஆள் என்று தெரிகிறதே. கரகரப்புக்காக, கீச்சென்ற ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டிரெபிளையும் நன்றாகக் குறைத்தேன். முதல் ஒரு நிமிடம்தான் கேட்டிருப்பேன். பதிவைத் தொடங்கிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மன் பாட்டு லேபிளை ஒட்ட உட்கார்ந்துவிட்டேன். எல்லா டேப்புக்கும் அப்படித்தான் செய்வேன். சாயங்காலத்துக்குள் இருநூறு கேசட்டும் தயார். மேலே மறுபடி பதிந்துவிடாமலிருக்க, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து அடுக்கி வைத்தேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு மயிலாப்பூருக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். அன்றைக்கு இன்னொருவரும் காத்திருந்தார். ராயப்பேட்டையிலேயே ஒரு தெருவின் அம்மன் கோயில் விழாவை முன்னின்று நடத்துகிறவர். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் மஞ்சள் துண்டு. அவர்கள் தெருப் பெண்கள் பாடிய பாட்டுகளைக் கேசட் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும்போது எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று வந்திருந்தார். மதியத்துக்குள் தருவதாக ஓனர் ஒத்துக்கொண்டிருந்தார். அவர் கேசட்டுதான் அப்போது மெஷினில் ஏறியிருந்தது.

அந்த ஒல்லி இளைஞர் பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, மேசைமேல் இருந்த பிளேயரில் போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டப் போகிறார் என்று. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்தவர் பிளேயரைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து, இது நம்ம பாட்டா என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். உங்கள் டேப் ரொம்ப மெதுவாக ஓடியது, பாடினவர் குரல் பேய்க் குரல் மாதிரி இருந்தது, நான்தான் வேகத்தைக் கூட்டிச் சரி செய்தேன், கரகரப்பையும் எடுத்துவிட்டேன் என்றேன். இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டு வேறு இருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

ஒல்லி இளைஞர் பிளேயரை நிறுத்தினார். கத்தப் போகிறார் என்று ஓனர் எழுந்து நின்றுவிட்டார். அந்த இளைஞர் கத்தவில்லை. லைப்ரரியில் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"டேப் மேல தப்பு இல்லக்கா. என் குரலே அப்படித்தான்."

பாடினவர் அவர்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தக் குரலா அந்தக் குரல்? என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரி பாடிக் காட்டினார். ஜன்னல் கம்பி அதிர்ந்த மாதிரி இருந்தது. கீழே டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் மாடியைப் பார்த்தார்கள். டேப்பில் நான் கேட்ட அதே உறுமல், அதே ஆழம். முடித்துவிட்டு மறுபடி மெதுவான குரலில், தொண்டையால் பாடினால் ஒரே வாரத்தில் குரல் போய்விடும், இது அடிவயிற்றிலிருந்து வருவது, பழகவே ரெண்டு வருஷம் ஆச்சுக்கா என்றார்.

இரண்டு வருடம் பழகிய குரலை நான் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் திருத்தியிருக்கிறேன். உட்கார இடம் தேடி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

ஓனர் என்னைத் திட்டத் தொடங்கினார். சொன்னபடி செய்யத் தெரியாதா, உன் காதைக் கழற்றி அடுப்பில் போடு என்றார். எல்லாம் நியாயம்தான். மாஸ்டரை மறுபடி பதிய முக்கால் மணி நேரம். அப்புறம் இருநூறு நகலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதற்கு மெஷின் காலியாக இருக்க வேண்டும். மெஷினில் அம்மன் பாட்டு ஏறியிருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஹாலுக்கு எல்லாரையும் கூப்பிட்டாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கோயில்காரர், பாடகரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் பாடச் சொன்னார். பாடகர் தயங்கி, இன்னொரு வரி பாடினார். கோயில்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா நீ, இதுவா புரியல உனுக்கு? எம் பொண்டாட்டிக்கு ஆத்தா வந்தா இதே குரல்தான் வரும். அவளுக்கு ஸ்பீடு கம்மியா கீதுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

ஓனரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்து வீட்டிலேயே, மெல்லப் பேசுகிற ஒரு அம்மாள் சாமி வந்தால் அப்படி உறுமுவார். பயந்திருக்கிறேன், கை கூப்பியிருக்கிறேன். அது மனிதத் தொண்டையிலிருந்து வராது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஹெட்ஃபோனில் வந்தபோது மட்டும் எனக்கு அது மெஷின் கோளாறாகிவிட்டது.

கோயில்காரர் மஞ்சள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பசங்க கேசட்டை முதல்ல போடு, கூழ் ஊத்தறது நாளைக்குத்தானே, எனக்குச் சாயங்காலம் குடுத்தாப் போதும் என்று ஓனரிடம் சொன்னார். ஓனர் வேண்டாம் வேண்டாம் என்று பேச்சுக்குச் சொல்லிக்கொண்டே மெஷினைக் காலி செய்தார்.

மாஸ்டரை மறுபடி பதிய உட்கார்ந்தேன். திருகை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். இந்த முறை ஹெட்ஃபோன் போடாமல் ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டேன். உடைத்த பிளாஸ்டிக் பல் இருந்த ஓட்டைகளை அடைத்தால்தான் கேசட்டில் மறுபடி பதியும். இருநூறு கேசட், நானூறு ஓட்டை. ஓனர் உட்பட எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து செல்லோடேப் ஒட்டினோம். கோயில்காரரும் கிளம்பாமல் உட்கார்ந்து, பல்லால் செல்லோடேப்பைக் கடித்துக் கடித்துக் கொடுத்தார்.

முதல் பாட்டு உறுமலோடு தொடங்கியது. இரண்டு நிமிடம் போயிருக்கும். டிரம்ஸ் சட்டென்று தணிந்தது. இரண்டு கிட்டார் சேர்ந்து ஒரு மெட்டை வாசிக்க ஆரம்பித்தன. ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே, கைகோத்துக்கொண்டு நடப்பது போல. என் கையில் செல்லோடேப் அப்படியே நின்றுவிட்டது. அத்தனை அழகாக இருந்தது அது. மெலடி என்று பெயரில் வைத்திருந்தார்களே, அது இங்கே இருந்திருக்கிறது. அந்த மெட்டு முடியும் இடத்தில் குரல் மறுபடி வந்தது. இப்போது அது பயமாக இல்லை, அழுகிறவர் குரல் மாதிரி இருந்தது. பாட்டு எதைப் பற்றியது என்று பாடகரிடம் கேட்டேன். கடல் பற்றி என்றார். வருஷா வருஷம் கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது, அவர் வீட்டுக்குப் பின்னால் கிரிக்கெட் ஆடின மணல் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது, பாட்டில் பேசுவது கடல், அதனால்தான் அந்தக் குரல் என்றார். இதையெல்லாம் வியாழக்கிழமையே கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்குள் நூற்று ஐம்பது கேசட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். பாடகர், நான் 'சரி' செய்த பதிவு இன்னும் மாறாமல் இருந்த கேசட்டில் ஒன்று தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லையாம். கொஞ்சம் மரியாதையாகப் பாடக் கூடாதா என்று அவருடைய அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். இதைக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்றார். அன்றைக்கு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

மீதி கேசட்டுகளை நான்தான் ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஹாலில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். நான் கேசட் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அந்த முதல் பாட்டு தொடங்கியது. கதவோரம் நின்றேன். ராயப்பேட்டையில் கோயில்காரர் வேலை பாக்கி இருக்கிறது, அதையும் ஏழு மணிக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் கால் நகரவில்லை. உறுமல் போய், மெட்டு வந்து, மறுபடி உறுமல் வந்து, கடைசிக் கிட்டார் ஒலி அடங்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன்.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வேலையில் மூன்று வருடமாக எத்தனையோ ஆயிரம் கேசட் என் கை வழியாகப் போயிருக்கிறது. கையில் வேறு வேலை இல்லாமல், ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் குழு அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது. கேசட் தொழிலும் போய், நானும் கல்யாணமாகி அடையாறு பக்கம் வந்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் என் மகளோ, பக்கத்து வீட்டுக்காரரோ, முன்பின் தெரியாத ஒருவரோ எனக்குப் பழகாத குரலில் எதையாவது சொல்லத் தொடங்கும்போது, என் விரல் தானாகவே அந்தச் சின்னத் திருகைத் தேடுவதை உணர்கிறேன். உடனே கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மெட்டு வரும்வரை காத்திருக்கிறேன்.