தனி ஆளுக்கு ரூம் இல்லை

மேடவாக்கத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் லாரியில் கிளீனர் வேலை அன்று மதியத்தோடு முடிந்தது. டிரைவர் என்னை அடிக்கக் கை நீட்டினான், நானும் நீட்டினேன். என் துணிப்பை லாரியோடு போய்விட்டது. திரும்பிப் போய்க் கேட்க மனமில்லை. பொழுது சாயும்போது தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

ரோட்டோரம் ஒரு பழைய லாட்ஜ். எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா அதன் கதையைச் சொன்னார். முன்பெல்லாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள்கூட அங்கேதான் தங்குவார்களாம். பிறகு தனியாக வந்த ஒருவர் மாடியில் கடைசி அறையில் தூக்கு மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் அதே அறையில் இன்னொருவர். முதலாளி பெயர்ப்பலகையை மாற்றிப் பார்த்தார். ஆட்டோக்காரர்களுக்கு அது இன்றும் தூக்கு லாட்ஜ்தான். அதிலிருந்து தனி ஆளுக்கு அங்கே அறை கிடையாது. கையில் பையும் இல்லையென்றால் வாசலோடு சரி.

நான் உள்ளே போனேன். வயதான மேனேஜர் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"தனியாவா வந்துகீற? பை எங்க?"

"லாரில போயிடுச்சு சார்."

"ரூம் இல்லப்பா."

அவர் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு பேர் செத்ததற்காகத் தனியாக வருகிறவன் எல்லாம் தெருவில் படுக்க வேண்டுமா? ஊரில் சொந்தபந்தம் இருக்கிறவனுக்கு லாட்ஜ் எதற்கு? நான் நகரவில்லை.

"சாவணும்னா ரயில்வே லைன் பக்கத்துலயே கீது சார். நான் தூங்க வந்துகீறேன்."

பயந்து ஓடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கடைசி அறையையே கொடுத்தார். விட்டத்தில் ஃபேன் இல்லை. கொக்கியையும் அறுத்து எடுத்திருந்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை. தூக்கமும் வரவில்லை, மேனேஜர் விட்டால்தானே? கண் அசரும்போதெல்லாம் கதவைத் தட்டினார்.

"தம்பி, இன்னா பண்ற?"

"உசுரோடதான் கீறேன். நீ போய்ப் படு சார்."

காலையில் அவர் கண்கள் என் கண்களைவிடச் சிவந்திருந்தன. மனம் கேட்காமல் எப்போதாவது தனி ஆளுக்கு அறை கொடுத்தால் விடியும்வரை இதே கதைதான் என்றார். முழங்கால் தாங்கவில்லையாம். மாடி வேலைக்கு ஆளும் நிற்பதில்லையாம். நான் நிற்கிறேன் என்றேன். ஆனால் தனியாக வருகிறவர்களுக்கும் அறை கொடுக்க வேண்டும் என்றேன்.

"அப்ப நீதான் கதவத் தட்டணும்."

"சும்மா தட்ட மாட்டேன் சார். டீ எடுத்துகினு போவேன். குடிச்சிகினே ரெண்டு வார்த்த பேசுவாங்க."

அவர் துடைப்பத்தையும் மாடிச் சாவிகளையும் என் பக்கம் தள்ளினார். அன்று காலையிலிருந்து நான் அங்கே ரூம் பாய்.