எமிலியின் வண்டியில் ஏழாவது ஆள்

அன்புள்ள மேரிக்கும் சுசீலாவுக்கும் நம் விடுதித் தோழிகள் எல்லோருக்கும்,

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. குழந்தை இப்போதுதான் கண்ணை மூடினாள். பத்து வரிக்கு ஒரு தடவை எழுந்து போய் அவள் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அதனால் எழுத்து அங்கங்கே அறுந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தி எழுதி அடுத்தவளுக்கு அனுப்ப, அவள் தன் தாளையும் சேர்த்து மேலே அனுப்ப, நம் சுற்றுக்கடிதம் இத்தனை வருஷமாக நிற்காமல் ஓடியது. அந்தக் கடிதக் கட்டுக்குள் இனி எமிலியின் தாள் இருக்காது. மேரிக்கும் சுசீலாவுக்கும் தந்தி கொடுத்தேன். மற்றவர்களுக்கு இந்தக் கடிதம்தான் சேதி.

போன செவ்வாய்க்கிழமை காலை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எமிலி டிரில் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துப் பியூன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசற்படி ஏறாமல் நின்றார். "அம்மா, டிரில் டீச்சர் ஹோகிபிட்ரு" என்றார். போய்விட்டார் என்கிறாரே, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத்தான் போய்விட்டாள் என்று நினைத்து, "எப்போ விட்டாங்க? நடக்கிறாளா?" என்று கேட்டேன். அவர் தலையில் இருந்த தொப்பியை மெல்ல எடுத்தார். எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் காமாலை மூன்றே வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது அந்த வண்டிதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், நமக்குப் படிப்பு முடிந்து கல்யாணம் ஆகாமல் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில், எமிலி, மேரி, சுசீலா, நான் என்று நாலு பேரும் போய்வந்த பயணம். மைசூரிலிருந்து குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர்க் காடு, கூடலூர், ஊட்டி; அங்கிருந்து கீழே மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம்; திம்பம் மலை ஏறிச் சாமராஜநகர் வழியாக மறுபடி மைசூர். பத்து நாள். கூட அவளுடைய இரண்டு நாய்கள், ஹென்றியும் ஜிம்மியும். ஹென்றி கன்றுக்குட்டி உயரம், பூனைக்குப் பயப்படுவான். ஜிம்மி முழங்கால் உயரம், எதற்கும் பயப்பட மாட்டான்.

என் அப்பாவிடம் அனுமதி வாங்க எமிலியே வந்தாள். "ஆண் துணை யாரும்மா?" என்று அப்பா கேட்டார். "ஹென்றியும் ஜிம்மியும் வராங்க சார். ராத்திரி பூரா முழிச்சிருப்பாங்க. நாலு பேரையும் விட்டு ஒரு அடி நகர மாட்டாங்க" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அப்பா அவளுடைய அண்ணன் தம்பிகள் என்று நினைத்துக்கொண்டார். "நல்ல பையன்களா இருக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். புறப்படும் நாளில் வழியனுப்ப வந்தவர், "எங்கே அந்த ஹென்றி?" என்றார். எமிலி சுட்டிக்காட்டினாள். ஹென்றி முன் சீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். அப்பா ஹென்றியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, "உனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

வண்டி அவளுடைய மாமாவுடையது. யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் எடுத்த ராணுவ ஆம்புலன்ஸ். பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தும் பக்கத்தில் இருந்த சிவப்புச் சிலுவை மங்கலாகத் தெரியும். அதனால் எந்த ஊரில் நின்றாலும் ஜனங்கள் நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். மேரி அப்போதுதான் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். "நான் லீவிலே வந்திருக்கேன்டி" என்று அவள் முணுமுணுக்க, எமிலி, "லீவு உனக்குத்தான், அவங்க பல்வலிக்கு இல்லே. இறங்கு" என்பாள். கூடலூருக்கு முன்னால் கோடரி பட்டுக் கால் கிழிந்த ஒரு விறகுவெட்டியை ஏற்றிக்கொண்டோம். இடம் பண்ணுவதற்காக நானும் சுசீலாவும் சாமான் மேல் ஏறி உட்கார்ந்தோம். ஹென்றி வழி முழுக்க அந்த மனிதரின் கையை நக்கிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவர், "பெரியவருக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க" என்று ஹென்றியைப் பார்த்துக் கும்பிட்டார்.

பந்திப்பூரில் காட்டு பங்களாக் காவல்காரர் நாய்களை உள்ளே விடமாட்டேன் என்றார். வெளியே கட்டவும் கூடாது, சிறுத்தைக்கு நாய் என்றால் பாயசம் மாதிரி என்றார். "ஹௌதா?" என்றாள் எமிலி. கன்னடத்தில் 'அப்படியா' என்று கேட்பது அவளுக்கு எதற்கும் வரும். சண்டை போடவில்லை. எங்களைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு அவள் நாய்களோடு வண்டிக்குள் படுத்துக்கொண்டாள். நான் பயந்து அழாத குறை. அப்போதுதான் அவள் அதைச் சொன்னது. "பயந்தா பயந்துக்கோ பத்மா. தப்பே இல்லே. ஆனா வண்டியிலே ஏறி உக்காந்துட்டு பயந்துக்கோ. கீழே நின்னு பயந்தா வண்டி போயிடும்."

அந்த வண்டி உண்மையிலேயே போயும் விட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வண்டிக்கு ஒரு கோளாறு. எஞ்சின் நின்றுவிட்டால் ஹேண்டில் போட்டுச் சுற்றி எழுப்புவதற்குள் உயிர் போய்விடும். ஆகவே எஞ்சின் உறுமியதும், "ஆய்த்து, ஏறு!" என்று எமிலி கத்துவாள்; 'ஆயிற்று' என்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்வாள். எல்லோரும் குதித்து ஏறவேண்டும். வண்டி நகர்ந்த பிறகுதான் தலை எண்ணுவது. பின்னால் கித்தான் கூரைக்குள் படுக்கைச் சுருட்டுகளுக்கு நடுவில் பட்டப்பகலிலும் இருட்டு. சுசீலா கையால் தடவித் தடவி எண்ணுவாள். நாலு பேர், இரண்டு நாய், ஆக ஆறு. "ஆறு!" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் எமிலி வேகம் கூட்டுவாள்.

திம்பம் மலையில் அத்தனை வளைவிலும் எனக்கு வாந்தி. கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு ஒரு மூட்டை மாதிரிப் படுத்திருந்தேன். பாதி மலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் இறங்கி, கூச்சத்தினால் கொஞ்சம் தள்ளியே ஒரு பாறைக்குப் பின்னால் போனேன். அந்த நேரம் பார்த்து, சாலை போடுகிறவர்களின் காலிக் கொட்டகையிலிருந்து ஒரு செவலைப் பெண் நாய் வந்திருக்கிறது. எமிலி ஒரு பன் போட்டிருக்கிறாள். தின்றுவிட்டு அது வண்டிக்குள் ஏறி, யாரும் பார்க்காமல் என் கம்பளிக்குள் புகுந்து சுருண்டுகொண்டது.

"ஆய்த்து, ஏறு!" என்ற குரல் எனக்குக் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. "ஆறு!" என்று சுசீலா சொன்னதுகூட என் காதில் விழுந்தது. சுசீலா, இதற்காக உன்னை நான் எத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறேன்! கம்பளிக்குள் கை வைத்தாயாம், சூடாக இருந்ததாம், மூச்சு வந்ததாம், பத்மாதான் என்று விட்டுவிட்டாயாம்.

சாலையில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. ஒரு மைல்கல் மேல் ஏறி உட்கார்ந்து, தெரிந்த தெய்வங்கள் அத்தனையையும் கூப்பிட்டேன். கால் மணி போயிருக்கும், ஒரு யுகம் போலிருந்தது. மேலே வளைவிலிருந்து ஒரு உருவம் புழுதியோடு வந்தது. ஜிம்மி! கம்பளியை மோந்து பார்த்துவிட்டு ஊளையிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருக்கிறான். அவன் பின்னாலேயே எமிலி, நாய்களைக் கூப்பிடும் தன் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தது அவனைத் தேடி, என்னை இல்லை. என்னைப் பார்த்ததும் விசில் வாயிலிருந்து விழுந்தது.

"நீ இங்கே என்னடி பண்றே? நீ வண்டியிலே இருக்கியே!"

"நான் வண்டியிலே இருந்தா இங்கே யாருடி உக்காந்திருக்கிறது?" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். நடுச்சாலையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எமிலி அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கணக்கு சரியாத்தான் இருந்தது பத்மா. முகத்தை யாரும் பாக்கலே" என்றாள்.

அன்று மாலையே வழக்கத்தை மாற்றினாள். அதற்கப்புறம் எண்ணுவதே கிடையாது. வண்டி நகருமுன் இறங்கி வந்து, கித்தானைத் தூக்கி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பெயர் சொல்வாள். எஞ்சின் நின்றால் நிற்கட்டும், மறுபடி சுற்றிக்கொள்ளலாம் என்றாள். செவலை நாயை இறக்கிவிடச் சொல்லி நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "உன் இடத்தை ஒரு அரைமணி பாத்துக்கிச்சே, அதுக்குக் கூலி வேண்டாமா?" என்றாள். ஏழாவதாக வந்ததால் அதற்கு ஏழு என்றே பெயர் வைத்தாள்.

ஜிம்மியும் ஹென்றியும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஏழு மட்டும் எமிலியோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் எமிலி சைக்கிளில், ஏழு ஓட்டத்தில். காவேரியில் குளித்துவிட்டு இரண்டு பேரும் ஈரத்தோடு என் வீட்டு வாசலில் வந்து காப்பி கேட்பார்கள். குழந்தை பிறந்த பிறகு நான் எமிலியை மட்டும் உள்ளே கூப்பிடுவேன். ஏழு வெளியே நிற்கும். நாயின் முடி, உண்ணி, எச்சில், எதை நினைத்தாலும் எனக்குப் பயம்.  காப்பியை எடுத்துக்கொண்டு எமிலியும் வெளியே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பாள்.

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதி. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் நான் போகவில்லை. குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால் என்ற பயம். இவர் கையில் கஞ்சி, கீழாநெல்லி எல்லாம் தவறாமல் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் வாரம் எமிலியிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. 'பத்மா, நீ வராதே. பிள்ளைக்காரி. வந்தாலும் உள்ளே விடவேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு மட்டும் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்து எழுது.'

நான் அதற்கும் போகவில்லை. எமிலி குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா அதற்குச் சோறு வைக்கிறாள் என்று தெரியும். ஆபீஸ் போகிற வழியில் நாயைப் பார்த்துவிட்டு வரும்படி இவரிடம் சொன்னேன். இவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "நாய் இருக்கு" என்றார். 'ஏழு நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே' என்று நான் எமிலிக்கு எழுதினேன். அதுதான் நான் அவளுக்கு எழுதிய கடைசி வரி.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் எமிலியின் வீட்டுக்குப் போனேன். ஏழு அவளுடைய கட்டிலுக்கு அடியில், இழுத்துப் போட்ட ஒரு போர்வைக்குள் கிடந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். வைத்த சோறு மூன்று தட்டில் காய்ந்து கிடந்தது. "நாய் தின்ன மாட்டேங்குதும்மா, நானும் என்ன செய்ய?" என்றாள் வீட்டுக்காரம்மா. போர்வையை விலக்கினேன். அது தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. நான் அதன் முகத்தைச் சரியாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான். மூக்கைச் சுற்றி முடி நரைத்துவிட்டது. என் புடவையில் இருந்த பால் வாசனையை வெகுநேரம் மோந்தது. கையில் பிசைந்து கொடுத்த சோற்றில் நாலு வாய் தின்றது.

வருகிற சனிக்கிழமை அந்த வீட்டைக் காலி செய்கிறார்கள். எமிலியின் அண்ணன் பொல்லாதவர் இல்லை. அவர் மனைவிக்கு ஆஸ்துமா. "ரோட்டிலேருந்து வந்தது, ரோட்டுக்கே போகட்டும்னு விடறதைத் தவிர எனக்கு வழி தெரியலேம்மா" என்றார். சனிக்கிழமை காலை நானே வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமியார் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இவர், "உனக்குத்தான் பயம், நீயே யோசிச்சுக்கோ" என்கிறார். பயம் போகவில்லை. இதை எழுதும்போதுகூட இருக்கிறது. ஆனால் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது.

எமிலியின் விசிலை அவள் அண்ணன் எனக்குக் கொடுத்தார். சுசீலா, வண்டியில் தலை எண்ணியவள் நீ, அது உனக்குத்தான் சேரவேண்டும். அடுத்த கட்டோடு அனுப்புகிறேன். எனக்கு அவள் விட்டுப்போனது ஏழும், கித்தானைத் தூக்கி முகம் பார்க்கிற அந்த வழக்கமும். அது போதும்.

மேரி, உன்னிடம் ஒரு காரியம். எட்டு மாதக் குழந்தை தவழுகிற வீட்டில் எட்டு வயசு நாயை எப்படி வைத்துக்கொள்வது? குளிப்பாட்ட என்ன போடவேண்டும், பூச்சிக்கு மருந்து உண்டா, வெறிநாய் ஊசி அதற்குப் போடமுடியுமா, எங்கே படுக்க வைப்பது, எல்லாவற்றையும் விவரமாக எழுது. இந்தக் கட்டை சுசீலாவுக்கு அனுப்பிவிட்டு, எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. சனிக்கிழமைக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி, சீக்கிரம் பதில் எழுது.

உங்கள்,
பத்மா