பஸ்குவாலேயின் தோய்க்காத ஜேர்சி

பஸ்குவாலே அண்ணை போயிட்டார்.

நேற்றுப் பின்னேரம், ஆஸ்பத்திரியில். இன்று காலை அவரது மனைவி ரோசா எங்கள் கதவைத் தட்டிச் சொன்னா.

இத்தாலிக்காரரை அண்ணை என்கிறானே என்று யோசிக்காதீர்கள். சுவிசில், ஷ்லீரன் என்ற ஊரில், எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் அவர். படி கூட்டுவது, பனி தள்ளுவது, வோஷிங் மெஷினுக்கு யாருக்கு எந்த நாள் என்று பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். பென்ஷன் எடுத்த பிறகும் எங்களை விடவில்லை.

நான் குடிவந்த முதல் மாதம், இங்கே ஞாயிறு உடுப்புத் தோய்க்கக் கூடாது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து சுவிட்சை நிப்பாட்டினார்.

“ஏழாம் நாள் கடவுளே வேலை செய்யேல்லை. நீ உடுப்புத் தோய்க்கிறியோ?”

சோப்புத் தண்ணி சொட்டச் சொட்ட உடுப்பை அள்ளிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். அப்போது அவரில் சரியான கோபம் எனக்கு.

பிறகு எப்படிச் சிநேகிதமானோம்? ஃபுட்போல்தான்.

அவருடைய ஊர் இத்தாலியின் தெற்கில், கடலோரம். மூன்றாம் பிரிவில் கிடந்து இழுபடுகிற அந்த ஊர் கிளப்பை இங்கே ஒருவருக்கும் தெரியாது, டீவியிலும் காட்டமாட்டார்கள். லேப்டாப்பை டீவியோடு பூட்டி மேட்ச் பார்க்க வழி தெரியாமல், போன சீசன் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டார்.

முதல் மேட்ச், மூன்று கோல், வெற்றி. அவ்வளவுதான்... அன்று அவர் போட்டிருந்த கிளப்பின் பழைய மஞ்சள் ஜேர்சியை சீசன் முடியும்வரை தோய்க்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் வந்தது. நானும் அதே கதிரையில்தான் இருக்க வேண்டும்.

சோதனைக்குப் போகும்போது ராசியான பேனையைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கிய ஆள் நான். எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கு?

கிளப் வென்றுகொண்டே போனது. ஜேர்சி மணத்துக்கொண்டே போனது. ரோசா அதை வீட்டுக்குள் எடுக்காமல் பல்கனிக் கொக்கியில் தொங்கவிட்டா.

அவர் சுவிசுக்கு வர முந்தி ஒரே ஒரு தடவை அந்தக் கிளப் இரண்டாம் பிரிவுக்கு ஏறியதாம். சாக முந்தி இன்னொரு தரம் பார்த்திட வேணும் என்று பகிடி போலச் சொல்வார். மார்ச்சில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிறகு அது பகிடியாகத் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் நான் அதைச் செய்தேன். இதுவரை என் மனுசிக்கும் சொல்லாத விஷயம்.

ரோசா ஆஸ்பத்திரியில் நின்றா. அன்று அவர்களுக்கு மெஷின் கிடைத்த நாள், விட்டால் இன்னும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். உடுப்புக் கூடையை மட்டும் கீழே கொண்டுபோய் மெஷினில் போட்டுவிடச் சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்தா.

நான் உள்ளே என்ன இருக்கு என்று பார்க்கவில்லை. அறுபது பாகையில் வைத்து, எங்கள் வீட்டு மல்லிகை மணச் சொஃப்ட்னரையும் தாராளமாக விட்டேன்.

முடிந்து கதவைத் திறந்தால்... மஞ்சள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த ஜேர்சியை ரோசா பதற்றத்தில் கூடைக்குள் போட்டிருக்கிறா.

என்ன செய்ய? இரண்டு நாள் நானே அதை என் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டு பேக்கரி வேலைக்குப் போனேன், போறணைக்குப் பக்கத்தில் நன்றாக வேர்த்துப் பழைய மணம் வரட்டும் என்று. பிறகு கொண்டுபோய்ப் பல்கனிக் கொக்கியில் கொழுவிவிட்டேன்.

அந்த ஞாயிறு கிளப் தோற்றது. முதலிடமும் போனது.

அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போனில் பார்த்தார், பக்கத்தில் நான். ஜேர்சியை வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்து படுத்தது தன் பிழை என்றார். சொல்லிவிட வாயெடுத்தேன்... அவர் முகத்தைப் பார்க்க வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு திரும்பவும் அதே ஜேர்சி, அதே கதிரை. தோற்றால் நான்தான் காரணம் என்று ஒவ்வொரு மேட்சும் பயந்து பயந்து பார்த்தேன்.

தோற்கவில்லை. கடைசி மேட்சையும் வென்று, முதலிடத்தில் முடித்து, இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் எச்சரிக்கைக் கடிதம் எழுதுகிற மனுசன், யன்னலைத் திறந்து இரண்டு சட்டி மூடியை அடித்துக்கொண்டு நின்று அழுதார்.

பிறகு ஜேர்சியைக் கழற்றிக்கொண்டு என்னைக் கீழே வரச்சொன்னார். ஞாயிறு தோய்க்கக் கூடாது என்று தன் கையால் எழுதி ஒட்டிய அறிவித்தலுக்கு முன்னால் நின்று, மெஷினைத் திறந்து அதைப் போட்டார்.

“மேல போய் உங்கட அந்தப் பூ மணத்தை எடுத்துக்கொண்டு வா.”

படியில் கால் வைத்தவன் அப்படியே திரும்பி அவரைப் பார்த்தேன்.

“மார்ச்சிலேயே தெரியும். எனக்கு மூக்கு இல்லையோ? கேட்டிருந்தால் வெக்கத்தில நீ வராமல் விட்டிருப்பாய். பிறகு நான் ஆரோட இருந்து மேட்ச் பார்க்கிறது?”

அதோடு சரி. பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை.

இந்த சீசன் தோல்விக்கு மேல் தோல்வி. அவர் கவலைப்படவில்லை, ஆனாலும் ஜேர்சியைத் தோய்க்கவில்லை.

இன்று காலை ரோசாவின் கையில் அதுதான் இருந்தது. நாளைக்குப் பெட்டியில் வைக்கும்போது அவருக்கு அதைத்தான் போட்டுவிடப் போகிறாவாம். உங்கள் வீட்டுப் பூ மணத்தைப் போட்டே தோய்த்துத் தாருங்கள் என்று கேட்டா.

இன்று ஞாயிறு.

மெஷினுக்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அரை மணித்தியாலமாக ஓடுது... இன்னும் ஒருவரும் இறங்கி வந்து சுவிட்சை நிப்பாட்டவில்லை.

போயிட்டு வாங்கோ, அண்ணை. காய்ஞ்ச உடன மடிச்சு மேல கொண்டு வாறன்.