பாதிரியார் வீட்டுப் புகைபோக்கி

எழுபதுகளின் நடுவில் ஐந்து ஆண்டுகள் நாங்கள் ஒரு பாரம்பரியச் சின்னத்தில் குடியிருந்தோம். முதல் நான்கு ஆண்டுகள் அது எங்களுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, துரைமார் காலத்தில் பாதிரியாருக்காகக் கட்டிய கல்வீடு அது. பாதிரியார் இல்லாமல் பூட்டிக் கிடந்ததால், சர்ச் கமிட்டி அதை எஸ்டேட் குமாஸ்தாவான எனக்கு வாடகைக்கு விட்டிருந்தது.

சமையலறைப் புகைபோக்கி இடிந்து அடைத்துப் போயிருந்தது. மழைக்காலத்தில் ஈர விறகின் புகை முழுவதும் என் மனைவியின் நெஞ்சுக்குத்தான் போயிற்று. இருமல் நிற்கவில்லை. “மருந்து நான் தாரேன், புகைய யாரு நிறுத்துவா?” என்றார் எஸ்டேட் டாக்டர். என் செலவிலேயே அடைப்பை எடுக்கிறேன் என்று கமிட்டிச் செயலாளரிடம் போனேன்.

அதற்கு முந்தின வாரம்தான் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து, வாசல் கல்லைத் தடவி, “அபூர்வம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“சார், அது நம்ம பைத்ருகமாக்கும், பாரம்பரியச் சொத்து. ஒரு கல்ல அசைக்கக் கூடாது.”

“அசைக்கலய்யா. விழுந்து கெடக்கதத்தான் எடுக்கப் போறேன்.”

“விழுந்தாலும் வெள்ளைக்காரன் வச்ச கல்லுல்லா?”

நேரிலும் வந்து பார்த்தார். சமையலறைக் கூரையின் கரிய நிறத்தின் முன் கைகூப்பாத குறையாக நின்றார்.

“எத்தன காலத்துப் பழமை பாருங்க!”

“நாலு வருசம்ணே. எல்லாம் நான் எரிச்ச விறகுதான்” என்றாள் என் மனைவி, இருமலுக்கு நடுவே.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கரியைத் துடைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு ஊருக்குப் புதுப் பாதிரியார் நியமனமானார். எங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே செயலாளர் கொத்தனாரோடு வந்துவிட்டார். பாதிரியார் சம்சாரத்துக்குப் புகை ஆகாதாம். சமையலறையையே இடித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடப்போகிறார்களாம்.

“அப்ப பைத்ருகம்?” என்று கேட்டேன்.

“முன்பக்கம் அப்படியேதான இருக்கும், சார்.”

பேராசிரியர் பின்பக்கம் போகாதது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் புரிந்தது.

எங்களுக்கு எஸ்டேட்டில் ஒரு தகரக்கூரை வீடு கிடைத்தது. யாரும் தடவிப் பார்க்கும்படியான சுவர் அதில் இல்லை. போன அன்றே, புகை வெளியேற, அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு தகரத்தைத் தூக்கிவிடச் சொன்னாள் மனைவி.

“ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்” என்றேன்.

“கேட்டா இதுக்கும் ஒரு பெருமையக் கண்டுபிடிச்சிருவாங்க. ஏறுங்க.”

ஏறினேன். இருமல் முழுதாக விட, அதற்குப் பிறகும் ஒரு மழைக்காலம் ஆயிற்று.